பழைய கடைத்தெருவிலிருந்து தாமானுக்கு: தோட்டப் பட்டணத்தில் கடையை இடம் மாற்றும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், லூனாஸ், பெஸ்தாரி ஜெயா, பாஹாவ் என்று தோட்டங்களை நம்பி வளர்ந்த எந்தத் தோட்டப் பட்டணத்துக்குப் போனாலும் காட்சி கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய கடைத்தெருவில் சில கதவுகளில் பூட்டு தொங்கும். தாமான் என்னும் புதுக் குடியிருப்புப் பக்கத்துக் கடைவரிசையில் பெயிண்ட் வாடை இன்னும் போயிருக்காது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்ததும் பெரிய சாலையில் வந்து நின்று சாப்பிட்டுப் போன வெளியூர் வண்டிகள் குறைந்தன. போருக்கு முந்திய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது முடிந்தது. நாற்பது ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) வாடகையில் ஓடிய கடைகள் அதோடு நிலைகுலைந்தன. தோட்டங்கள் வீட்டுமனையானபோது லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஜனங்கள் ஃபிளாட்டுக்கும் தாமானுக்கும் போனார்கள், கடையும் அவர்கள் பின்னால் போக வேண்டியதாயிற்று.

சரக்கை லோரியில் ஏற்றி இறக்குவது ஒரு நாள் வேலை. லைசன்ஸ், மின்சாரம், பற்றுப் புத்தகம் (கடன் கணக்கு) இந்த மூன்றையும் மாற்ற மூன்று சம்பள நாளாவது ஆகும். லோரிக்கு நாள் குறித்துவிட்டு மற்றதைத் தொடங்குகிறவர்கள்தான் இரண்டு கடைக்கும் வாடகை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே உள்ள வரிசை மளிகைக் கடையை மனத்தில் வைத்தது. சாப்பாட்டுக் கடைக்கும் துணிக்கடைக்கும் மாறுகிற இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

முதலில் பென்சில் கணக்கு

புதுக் கடை பளிச்சென்று இருக்கிறது, கார் நிறுத்த இடம் இருக்கிறது என்பதெல்லாம் பிறகு. கூடுதலாகப் போகும் செலவை உங்கள் லாப விகிதத்தால் வகுத்து, முப்பதால் மீண்டும் வகுங்கள். ஒவ்வொரு நாளும் எவ்வளவு கூடுதலாக விற்றாக வேண்டும் என்பது வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. பழைய வாடகை 700 ரிங்கிட், புது வாடகை 1,800. ஏர்கண்டிஷன் வைப்பதால் மின்கட்டணம் 300 கூடும் என்று வையுங்கள். ஆக மாதம் 1,400 கூடுதல். நூறு ரிங்கிட் விற்றால் 14 ரிங்கிட் மிஞ்சுகிற கடை என்றால் 1,400-ஐ 0.14-ஆல் வகுக்க 10,000 வரும். நாளுக்கு 333 ரிங்கிட் கூடுதல் விற்பனை. சராசரி பில் 18 ரிங்கிட் என்றால் தினமும் பத்தொன்பது புது ஆட்கள் உள்ளே வர வேண்டும். அந்தப் பத்தொன்பது பேர் யார், இப்போது எந்தக் கடையில் வாங்குகிறார்கள் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியவில்லையென்றால் இன்னும் இடம் பாருங்கள்.

புதுக் கடைக்கு ஓர் ஆள் கூட வேண்டுமா? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்கும் இதுதான். அதன் மேல் சேமநிதிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் சேர்த்தால் 1,950-ஐத் தொடும். அதே கணக்கைப் போட்டால் இன்னொரு 464 ரிங்கிட் தினசரி விற்பனை. பெரும்பாலான கடைகள் இடறுவது வாடகையில் இல்லை, இந்த இரண்டாவது ஆளில்தான்.

லாப விகிதத்தை மனக்கணக்காகப் போடாதீர்கள். கடைசி மூன்று மாத விற்பனையிலிருந்து கொள்முதலைக் கழித்து, அழுகிப்போன காய்கறியையும் எலி கடித்த மூட்டையையும் கழித்துப் பாருங்கள். இருபது விழுக்காடு என்று நினைத்தது பதினான்காக இறங்கி நிற்பது சகஜம்.

இடம் பார்ப்பது

தலை எண்ணுவதை விடச் சிறந்த வழி கிடையாது. சம்பள வாரத்துச் சனிக்கிழமை மாலை, மாத நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஞாயிறு காலை, இந்த மூன்று வேளையிலும் அரை மணி நேரம் அந்த அஞ்சடியில் (கடை முன்னால் உள்ள நடைபாதையில்) நின்று கடந்து போகிறவர்களை எண்ணுங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து மயங்குவது எளிது. மாதம் முழுக்கக் கடையைத் தாங்குவது செவ்வாய்க்கிழமைதான்.

மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தையும் எண்ணுங்கள். தோட்டத்திலிருந்து வருகிறவர் காரைத் தேடிக்கொண்டு வருவதில்லை; பத்துக் கிலோ அரிசியை முன்னால் வைத்துக்கொண்டு போக வாசலிலேயே மோட்டார் நிற்க வேண்டும். பட்டணத்துக்குள் அவர் எந்தச் சாலையில் நுழைகிறார், திரும்பும்போது கடை இடப்பக்கம் வருமா என்று பாருங்கள். வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் இருக்கும் கடைக்குத்தான் கை போகும். நடுவில் தடுப்புச்சுவர் வைத்த சாலையில் தவறான பக்கத்துக் கடை எடுத்தால் பாதி வாடிக்கை எதிர்ப்பக்கத்திலேயே நின்றுவிடும்.

கோயில், தமிழ்ப்பள்ளி, அரசாங்க கிளினிக், காலைச் சந்தை ஆகியவை பக்கத்தில் இருப்பது நல்லது. ஆனால் ஒன்றே ஒன்றை நம்பாதீர்கள். பள்ளியை மட்டும் நம்பிய கடைக்கு நீண்ட விடுமுறை மாதத்தில் வாடகை யார் தருவது?

99 ஸ்பீட்மார்ட் மாதிரியான தொடர்கடை 200 மீட்டருக்குள் இருந்தால் சோப்பு, மைலோ, பால்மாவில் விலைப்போட்டிக்குப் போகாதீர்கள். உங்களிடம் இருக்க வேண்டியவை வேறு: உதிரியாக நிறுத்துத் தரும் பருப்பும் மிளகாய் வற்றலும், கருவாடு, கறிவேப்பிலை, வாழையிலை, வெற்றிலை, கற்பூரம், அரைக் கிலோ சின்ன வெங்காயம். வங்காளதேசம், நேப்பாளத் தொழிலாளர்கள் தங்கும் விடுதி அருகில் இருந்தால் கடுகெண்ணெயும் மசூர் பருப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவாடு விற்பதானால் பக்கத்துக் கடை துணிக்கடையா என்பதையும் கவனியுங்கள். அந்தச் சண்டை ஓயவே ஓயாது.

கட்டடத்தைப் பிற்பகல் மழை நேரத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரைப் பட்டணங்களில் மாலை மழை வெளுத்து வாங்கும். பின்பக்கச் சாக்கடை நிறைந்து பின்கதவு வழியாகத் தண்ணீர் ஏறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் கோடு இருந்தால் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. மேற்குப் பார்த்த கடையில் மூன்று மணிக்கு மேல் வெயில் உள்ளே பத்தடி வரும். சாக்லேட்டும் எண்ணெய்ப் பாட்டிலும் முன் அலமாரியில் நிற்காது.

மின்சாரம் ஒரு முனையா மூன்று முனையா என்று மீட்டரைப் பார்த்துக் கேளுங்கள். இரண்டு கண்ணாடிக் குளிர்பெட்டி, இரண்டு ஃப்ரீசர், இரண்டு ஏர்கண்டிஷன் ஓடும் கடை ஒரு முனை இணைப்பில் அடிக்கடி டிரிப் ஆகும், அதுவும் நள்ளிரவில். மூன்று முனைக்கு மாற்றுவதற்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின் ஒப்பந்தக்காரர் வழியாகத்தான் மின்சார நிறுவனமான தெனாகாவுக்கு மனுச் செய்ய வேண்டும். வாரக் கணக்கில் ஆகும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்.

வாடகை ஒப்பந்தம்

வாய்ப்பேச்சிலும் ரசீதிலும் ஓடும் வாடகை தோட்டப் பட்டணங்களில் இன்னும் நிறைய. பழைய தவுக்கே (கடைச் சொந்தக்காரர்) இருக்கும் வரை அது போதும். அவர் காலமாகிப் பிள்ளைகள் ஆறு பேர் சொத்துக்கு நின்றால் யாரிடம் வாடகை கட்டுவது என்பதே தெரியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன் மாவட்ட நில அலுவலகத்தில் அந்த லாட் எண்ணைச் சொல்லி நிலப்பட்டா தேடல் எடுங்கள். பட்டாவில் யார் பெயர், நிலம் வியாபாரத்துக்கா குடியிருப்புக்கா, குத்தகை நிலமென்றால் எத்தனை ஆண்டு பாக்கி, வங்கியில் அடமானம் உண்டா, எல்லாம் அதில் இருக்கும். குடியிருப்பு நிலத்தில் கட்டிய முன்வீட்டைக் கடையாக எடுத்தால் லைசன்ஸ் வாங்கும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்று ஆண்டு வரையிலான வாடகைக்குப் பதிவு தேவையில்லை. அதற்கு மேல் போனால் அது குத்தகை. தேசிய நிலச் சட்டப்படி நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று ஆண்டுக்கு உட்பட்ட வாடகையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைப் பட்டாவில் குறிப்பெழுதி வைக்காவிட்டால் கட்டடத்தை வாங்குகிற புது உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. உள் அலங்காரத்துக்கு 20,000, 30,000 செலவழிக்கப் போகிறவர்கள் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. உரிமையாளர் மறுத்தால், விற்பதானால் ஆறு மாத அறிவிப்பும் செலவில் ஒரு பங்கும் தருவதாக ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.

வழக்கமான முன்பணம்: வைப்புத்தொகையாக இரண்டு மாத வாடகை, முன்வாடகை ஒரு மாதம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம். 1,800 வாடகைக்கு 6,300 ரிங்கிட். உள்வேலை செய்ய இரண்டு வாரமாவது வாடகை இல்லாமல் கேளுங்கள். கடை மாதக் கணக்கில் காலியாகக் கிடந்திருந்தால் ஒரு மாதமே கேட்கலாம், பெரும்பாலும் கொடுப்பார்கள்.

ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை உண்டு. ஓராண்டு வரைக்கும் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட், ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 ரிங்கிட். 1,800 வாடகையில் இரண்டாண்டு ஒப்பந்தமென்றால் ஆண்டுக்கு 21,600. அதில் 250 எண்பத்தாறு தடவை போய்க் கொஞ்சம் மிஞ்சுகிறது, அந்த மிச்சமும் ஒன்றாகக் கணக்காகும். 87-ஐ 3-ஆல் பெருக்க 261 ரிங்கிட். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்ட வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. வைப்புத்தொகை திரும்ப வராத நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

லைசன்ஸ் கைக்கு வரும் வரை

வியாபார லைசன்ஸ் ஆளுக்கும் முகவரிக்கும் சேர்த்துக் கொடுப்பது. பழைய கடை லைசன்ஸைக் கொண்டுபோய்ப் புதுக் கடையில் மாட்ட முடியாது. நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ புது முகவரிக்குப் புதிதாக மனுச் செய்ய வேண்டும். அடையாள அட்டை நகல், எஸ்.எஸ்.எம். (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு, முத்திரையிட்ட ஒப்பந்தம், கடையின் உள், வெளிப் படங்கள், பெயர்ப்பலகை வரைவு ஆகியவை அனேகமாக எல்லா ஊரிலும் கேட்பவை. பதிவுபெற்ற கட்டடம்தானா, அந்த முகவரியில் மதிப்பீட்டு வரி பாக்கி இருக்கிறதா என்று முகப்பிலேயே கேட்டுவிடுங்கள். உரிமையாளர் கட்டாத வரிக்காக உங்கள் மனு கிடப்பில் கிடக்கலாம்.

பெயர்ப்பலகையில் மலாய்மொழி முதன்மையாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும், வாசகத்துக்கு மலாய்மொழி அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் ஒப்புதல் வேண்டும். தமிழ் எழுத்து வைக்கலாம், ஆனால் சிறிதாக. ஒப்புதல் வருவதற்கு முன் பலகை அடிக்கக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் வீண்செலவு. ‘கெடாய் ருன்சிட்’ (மளிகைக் கடை) என்பதில் ஓர் எழுத்து பிசகினால் முழுப் பலகையும் மறுபடி அடிக்க வேண்டும். பலகைக்குத் தனிக் கட்டணம் உண்டு, அளவைப் பொறுத்து. இருபதடி அகலக் கடைக்கு இருபதடியும் நிரப்ப வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

எஸ்.எஸ்.எம். பதிவில் முகவரி மாற்றத்தை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தனிநபர், பங்காளி வியாபாரத்துக்கு ஈஸிபிஸ் இணையத்தளத்திலேயே செய்யலாம், 20 ரிங்கிட். பழைய கடையையும் சில மாதம் ஓட்டுவதானால் அதைக் கிளையாகப் பதியுங்கள். கிளைக்கு ஆண்டுக்கு 5 ரிங்கிட்தான்.

சீனி, கோதுமை மாவு, சமையல் எண்ணெய் விற்கும் கடைக்கு உள்நாட்டு வாணிப அமைச்சின் கட்டுப்பாட்டுப் பொருள் லைசன்ஸ் இருக்கும். அதுவும் முகவரியோடு ஒட்டியது, மறந்துவிடாதீர்கள். ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயை மொத்த வியாபாரி எந்த முகவரிக்கு இறக்குகிறார் என்பது அவருடைய கணக்கிலும் ஏறும். சிகரெட் விற்கிறவர்கள் புதுக் கவுண்டரைத் திட்டமிடும்போதே மூடிய அலமாரி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அடுக்கி வைக்க இப்போது அனுமதியில்லை.

சாப்பாட்டுக் கடைக்கு வேலை இரட்டிப்பு. சுகாதார அமைச்சில் உணவு வளாகப் பதிவு, கையாளுகிற ஒவ்வொருவருக்கும் உணவு கையாளுவோர் பயிற்சிச் சான்று, மூன்றாண்டுக்கு ஒருமுறை டைபாய்டு ஊசி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே எண்ணெய்ப் பொறி, அடுப்புப் புகை வெளியேறும் குழாய். புகைக்குழாய் மேல்மாடி வீட்டு ஜன்னலுக்கு நேராகப் போனால் கடை திறந்த முதல் வாரமே புகார் வரும். உரிமையாளரோடு பின்சுவரைப் பார்த்துக்கொண்டே இதைப் பேசுங்கள்.

தீயணைப்புக் கருவி, ஆண்டுக்கொரு தடவை சான்று புதுப்பித்தது, இரண்டு வையுங்கள். தீக் காப்புறுதிப் பத்திரம் பழைய முகவரிக்கு எழுதப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். சரக்கு புதுக் கடைக்குப் போகும் நாளிலிருந்து செல்லும்படி முன்கூட்டியே மாற்றச் சொல்லுங்கள். வருமான வரி வாரியத்துக்கு முகவரி மாற்றம் தெரிவிக்க மூன்று மாத அவகாசம் உண்டு. சேமநிதியும் சொக்சோவும் இணையத்தில் பத்து நிமிட வேலை.

லைசன்ஸ் கைக்கு வருவதற்கு முன் பழைய கடைச் சாவியைக் கொடுக்காதீர்கள். ஒரு மாத வாடகை இரண்டு பக்கமும் போகும்தான். அதைக் கடை மாற்றும் செலவில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பற்றுப் புத்தகம்

தோட்டப் பட்டணத்து மளிகைக் கடையின் பெரிய சொத்து அலமாரியில் இல்லை, பற்று எழுதும் சின்ன 555 நோட்டில் இருக்கிறது. கடை இடம் மாறுகிறது என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து அந்தச் சொத்து கரையத் தொடங்கும். ‘மூடப் போறாங்களாம்’ என்று காதில் விழுந்தவர் சம்பள நாளில் வேறு தெருவழியாகப் போவார். அதனால் செய்தி உங்கள் வாயிலிருந்து, முகவரியோடு, முதலில் போக வேண்டும்.

மூன்று சம்பள நாளுக்கு முன்பே தொடங்குங்கள். மாதச் சம்பளம் மறுமாதம் ஏழாம் தேதிக்குள் தர வேண்டும் என்பது சட்டம், ஆகவே ஒன்று முதல் பத்து வரை உங்கள் வசூல் காலம். முதலில் பாக்கி எல்லாவற்றையும் குடும்பவாரியாக, இடவாரியாக எழுதுங்கள்: இந்தத் தோட்டம், அந்த ஃபிளாட், தாமான். பிறகு மூன்றாகப் பிரியுங்கள். மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறவர்கள், கொஞ்சம் கட்டிக் கொஞ்சம் தள்ளுகிறவர்கள், இரண்டு மாதமாகக் கண்ணில் படாதவர்கள்.

முதல் வகையினருக்கு எதுவும் மாற வேண்டாம். புதுக் கடைக்கு எப்படி வர வேண்டும் என்று சொல்லி, கேட்டால் மாதத்துக்கு ஒரு தடவை வேனில் கொண்டுவந்து தருவதாகவும் சொல்லுங்கள். இரண்டாம் வகையில்தான் பணம் இருக்கிறது, பெரும்பாலான தவறும் அங்கேதான் நடக்கிறது. பற்றை ஒரே நாளில் நிறுத்தினால் அவர் அடுத்த கடையில் புது நோட்டுத் திறப்பார். பழைய பாக்கி பழைய கடையோடு போகும். எல்லையை மெதுவாக இறக்குங்கள். 400 வரை எடுத்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு முதல் மாதம் 300, அடுத்த மாதம் 200. தேங்கிய பழைய பாக்கியைத் தனியாகப் பிரித்து மாதத்துக்கு 50, 60 என்று தவணை போடுங்கள். 360 ரிங்கிட் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும், அவரும் ஆறு மாதம் புதுக் கடைக்கு வந்துகொண்டிருப்பார்.

தவணையை அவருடைய நோட்டிலும் உங்கள் பேரேட்டிலும் ஒரே நாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடன் வழக்குக்குக் காலவரம்பு ஆறு ஆண்டு. கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து ஆறு ஆண்டு புதிதாக ஓடும். இத்தனை சிறிய ஊரில் 300 வெள்ளிக்காக யாரும் நீதிமன்றம் போகப் போவதில்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டவர் கட்டுகிற விதமே வேறு.

மூன்றாம் வகையினரை ஒருமுறை நேரில், தனியாகப் பாருங்கள். கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளுபடி என்று எழுதிவிட்டு நகருங்கள். பாக்கியைத் தோட்டத்து மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்லி வாங்குவதும், கடைக்கு அனுப்பிய பிள்ளையிடம் ‘அம்மாகிட்ட காசு கேட்டேன்னு சொல்லு’ என்பதும் வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு லயமே கடை மாறிய கதைகள் உண்டு. யாருடைய ஏ.டி.எம். அட்டையோ அடையாள அட்டையோ கடை டிராயரில் ஈடாகக் கிடந்தால் இன்றே திருப்பிக் கொடுங்கள். மற்றவர் அடையாள அட்டையைப் பிடித்து வைத்திருப்பது குற்றம். இடம் மாற்றும் களேபரத்தில் அட்டை தொலைந்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

உங்களுக்குச் சரக்குத் தருகிறவர்களும் இதே போலத்தான் யோசிப்பார்கள். ஈப்போ, கிள்ளான் மொத்த வியாபாரிகளிடம் முப்பது நாள் தவணையில் எடுக்கிறீர்கள் என்றால் வதந்தி போவதற்கு முன் நீங்கள் போய் ஒப்பந்த நகலைக் காட்டுங்கள். லோரி ஓட்டுநரைப் புது இடத்துக்கு ஒருமுறை வரச் சொல்லி வண்டி திரும்புமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தாமான் உள்தெருவில் மூன்று டன் லோரி சிக்கி நின்றால் அடுத்த தடவை சரக்கு முச்சந்தியிலேயே இறங்கும்.

எந்த நாள்

மாதத்தின் 12 முதல் 18 வரை. வசூல் முடிந்திருக்கும், கையில் காசில்லாத நாள்கள் என்பதால் விற்பனை இழப்பும் குறைவு. இருபதை ஒட்டித் திறந்தால் அடுத்த சம்பள வாரத்துக்கு முன் பத்து நாள் கிடைக்கும், எது எந்த அலமாரியில் என்று உங்கள் ஆளுக்கே பழகிவிடும். தீபாவளிக்கு முந்திய ஆறு வாரத்தில் மாறவே மாறாதீர்கள். துணிக்கடைக்காரர்கள் பள்ளி திறப்பையும் பார்க்க வேண்டும். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் டிசம்பர் முழுக்கச் சீருடை வியாபாரம்.

ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஒப்பந்தம் ஆடியில் தொடங்குகிறது என்றால் சாவியைக் கொஞ்சம் முன்னால் கேட்டு வாங்கி ஆனியிலேயே பாலைக் காய்ச்சிவிடுங்கள். ஆடி முழுக்க உள்வேலை, ஆவணியில் வியாபாரம். யாருக்கும் குறை இருக்காது, அந்த ஒரு மாதமும் வீணாகாது. ராகு காலம் பார்ப்பதானால் மலேசியாவில் அச்சான நாள்காட்டியைப் பாருங்கள். திங்கட்கிழமை 7:30 முதல் 9 என்ற பொதுக் கணக்கு காலை 6 மணிச் சூரிய உதயத்துக்குப் போட்டது. இங்கே 7 மணியை ஒட்டியோ தாண்டியோதான் விடிகிறது, அதனால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தள்ளிப் போகும்.

சரக்கு

ஆறு வாரத்துக்கு முன்பிருந்தே கொள்முதலைக் குறையுங்கள். அரிசி, எண்ணெய், பானம் ஆகிய கனமான மூன்றையும் புது முகவரிக்கே இறக்கச் சொல்லலாம். பத்துக் கிலோ அரிசிப் பை நூறு என்றால் ஒரு டன். அதைப் பழைய கடையில் இறக்கி, மீண்டும் ஏற்றி, மீண்டும் இறக்குவதற்குக் கூலி கொடுக்காதீர்கள். தேதி முடியப் போகும் சரக்கை அஞ்சடியில் தனி மேசையில் விலை குறைத்து வையுங்கள். ‘மலிவு விற்பனை’ என்று பேனர் கட்டுவதானால் உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு முன்கூட்டி அறிவித்து எண் வாங்கிப் போட வேண்டும்.

ஒவ்வொரு அலமாரியையும் கைப்பேசியில் படம் எடுத்து எண் கொடுங்கள், அதே எண்ணைப் பெட்டியிலும் எழுதுங்கள். பழைய அட்டைப் பெட்டிகளையும் கோணிகளையும் கொண்டுபோகாதீர்கள். கரப்பான் முட்டையும் அரிசி வண்டும் அவற்றில்தான் குடியேறுகின்றன. மர அலமாரி போகிறதென்றால் ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்துத் தட்டுங்கள்.

ஃப்ரீசரை முந்தின நாளே அணைத்துப் பனியை உருக்கிவிடுங்கள். நிமிர்த்தி ஏற்றினால் இறக்கியபின் நான்கு மணி நேரம் கழித்துப் போடலாம். படுக்க வைத்துக் கொண்டுபோனால் ஒரு முழு நாள் நிமிர்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பிரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறி இயந்திரம் செத்துப்போகும். ‘ஐஸ்கிரீம் உருகுது’ என்ற அவசரத்தில் உடனே சுவிட்சைப் போட்டு கம்பிரஸரைப் பறிகொடுப்பது வாடிக்கை. ஐஸ்கிரீமை முந்தின வாரமே விற்றுத் தீர்த்துவிடுங்கள்.

புதிதாகப் பூசிய சுவர் மாதக் கணக்கில் ஈரம் கக்கும். அரிசி, மாவு, பருப்பு மூட்டைகளைத் தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்திய பலகையில், சுவரிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி அடுக்குங்கள். தராசை நீர்மட்டக் குமிழி பார்த்துச் சமன் செய்து, ஆண்டு முத்திரை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பொருளிலும் விலைச்சீட்டு திறப்பு நாளன்றே இருக்க வேண்டும். அமலாக்க அதிகாரிகள் புதுக் கடையைப் பார்க்க வருவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்புக் கேமராவும் பூட்டும் சரக்குக்கு முன்னால் போகட்டும்.

லோரி காலை ஏழு மணிக்கு. பிற்பகல் மழைக்கு முன் கடைசி நடை முடிந்துவிட வேண்டும். பழைய கடைக் கதவை இரண்டு நாளுக்கு மேல் பேச்சுமூச்சில்லாமல் அடைத்து வைக்காதீர்கள். முன்பக்கம் ஒரு மேசை போட்டு ரொட்டி, முட்டை, டாப்-அப் மட்டுமாவது ஓடட்டும். சாத்திய கதவுதான் வதந்திக்கு விதை.

பழைய கடையை ஒப்படைப்பது

மின்மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டின் எண்ணையும் தேதியோடு படம் எடுங்கள். தெனாகா கணக்கை முறையாக மூடி வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். மூடாமல் வந்தால் அடுத்து வருகிறவர் ஓட்டும் ஏர்கண்டிஷனுக்கு பில் உங்கள் பெயரில் வரும். தண்ணீருக்கு அந்தந்த மாநில நிறுவனம், கழிவுநீருக்கு இண்டா வாட்டர். பழைய லைசன்ஸையும் பலகை லைசன்ஸையும் ரத்துச் செய்யும் கடிதத்தை மன்றத்தில் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள்.

நீங்கள் போட்ட கிரில், தடுப்பு, சுவர்த் துளைகளை என்ன செய்வது என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தால் உரிமையாளரை நேரில் நடத்திக் காட்டிப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கும்போது ‘இன்ன தேதியில் இத்தனை சாவி பெற்றேன், வைப்புத்தொகை இன்ன தேதிக்குள்’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

கூட வர முடியாத ஊழியர் இருந்தால் அதையும் முறைப்படி முடிக்க வேண்டும். ஒப்புக்கொண்ட இடத்தில் வியாபாரத்தை நிறுத்துவதும் சட்டத்தில் ஆள்குறைப்புக் காரணம்தான். அறிவிப்பு இரண்டாண்டுக்குக் குறைந்தவருக்கு 4 வாரம், ஐந்தாண்டு வரை 6, அதற்கு மேல் 8. ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டு வரை 15 நாள், ஐந்தாண்டுக்கு மேல் 20 நாள். சொக்சோவின் வேலைக் காப்புறுதியில் 60 நாளுக்குள் மனுச் செய்யும்படி அவருக்குச் சொல்லி அனுப்புங்கள். வியாபாரத்தையே விடுகிறவர்கள் எஸ்.எஸ்.எம்.-க்கு 30 நாளுக்குள் தெரிவித்து, கணக்குப் புத்தகங்களை ஏழு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும்.

பழைய வாசலில் மூன்று மாதத்துக்காவது ஓர் அறிவிப்பு இருக்கட்டும். உரிமையாளரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ், மலாய் இரண்டிலும், முடிந்தால் சீனத்திலும். முகவரியை விட அடையாளம் முக்கியம்: ‘மாரியம்மன் கோயில் தாண்டி, பெட்ரோல் ஸ்டேஷன் எதிர்வரிசை, மூன்றாவது கடை.’ கைப்பேசி எண்ணை மாற்றாதீர்கள். கூகள் வரைபடத்தில் புதுக் கடை என்று தனியாகத் தொடங்காமல் பழைய பதிவிலேயே முகவரியைத் திருத்துங்கள், பழைய மதிப்புரைகளும் கூடவே வரும்.

திறந்தபின் முதல் இரண்டு சம்பள வாரம் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பழைய வாடிக்கையாளர்களில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர் பெயராகக் குறி போடுங்கள். இரண்டாவது சம்பளத்துக்கும் வராதவர் வீட்டுக்கு வேனில் ஒரு சாமான் பையோடு போங்கள். மூன்றாவது சம்பளத்துக்குள் அவர் கை வேறு கடையில் பழகியிருக்கும்.